நொண்டிக் குதிரையும் அம்பாசிடர் காரும்

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறையியற் பேரறிஞர் புனித தாமஸ் அக்குவினாஸ், இறைவனின் இயல்பையும் அருளடையாளங்களையும் ஆராய்ந்த அதே பெருநூலில் சந்தைக் கடையையும் விட்டுவைக்கவில்லை. ‘இறையியல் தொகுப்பு’ என்னும் அந்நூலின் இரண்டாம் பகுதியில், வாங்கல் விற்றலில் நிகழும் ஏமாற்றுக்கென ஒரு தனி வினாவையே ஒதுக்கியிருக்கிறார். நொண்டிக் குதிரையை விரைந்தோடும் குதிரை என்று விற்கலாமா? இடிந்துவிழ இருக்கும் வீட்டை உறுதியான வீடு என்று விற்கலாமா? கூடாது என்கிறார். இத்துடன் நின்றிருந்தால் அதில் புதுமை ஒன்றுமில்லை. குதிரைக்கு ஒரு கண் இல்லையெனில் அது வாங்குபவருக்கே தெரியும். அதற்கேற்ப விலையைக் குறைத்துக்கொண்டால் விற்பவர் வாய்திறந்து சொல்லத் தேவையில்லை. ஆனால் ஆபத்தையோ இழப்பையோ விளைவிக்கக்கூடிய மறைந்த குறையைச் சொல்லியே ஆகவேண்டும். விற்பவரே அறியாத குறையாயின் அவர்மீது பாவமில்லை. ஆயினும் அது தெரியவந்தபின் வாங்கியவரின் இழப்பை ஈடுசெய்ய அவர் கடமைப்பட்டவர்.

குதிரையின் இடத்தைக் கார் பிடித்துக்கொண்டபின் மறைந்த குறைகள் பன்மடங்கு பெருகிவிட்டன. குதிரை வாங்கப்போனவன் பல்லைப் பிடித்துப் பார்த்தான். காரின் பானட்டைத் திறந்து பார்க்கும் நம்மில் எத்தனை பேருக்கு உள்ளே இருப்பது விளங்கும்? ஆகவே, அக்குவினாசின் அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு நம் நாட்டுக் கார்களின் வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்ப்பது வீண்வேலை ஆகாது.

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1928-இல் பம்பாயில் கார்களைப் பூட்டி விற்கத் தொடங்கியது. பாகங்கள் கப்பலில் வரும், இங்கே பூட்டப்படும். விடுதலைக்குப்பின் இம்முறை தொடரலாகாது, படிப்படியாக உள்நாட்டிலேயே உற்பத்தி செய்ய முன்வருவோர் மட்டுமே இருக்கலாம் என்ற கொள்கை 1953-இல் வகுக்கப்பட்டது. அந்நிய நிறுவனங்கள் மூட்டை கட்டின. கார்த் துறையில் மிஞ்சியவை முக்கியமாக மூன்று: கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர், நம் சென்னையில் ஸ்டாண்டர்டு. அன்னியச் செலாவணி அரிதாயிருந்த ஓர் ஏழை நாட்டில் இக்கொள்கைக்கு நியாயம் இருந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. அதற்கான விலையை யார் கொடுத்தார் என்பதே நம் கேள்வி.

இங்கிலாந்தில் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் கார் 1959-இல் நிறுத்தப்பட்டது. அதே வண்டி அம்பாசிடர் என்ற பெயரில் உத்தர்பாராவிலிருந்து 2014 வரை வெளிவந்துகொண்டிருந்தது. முகப்புக் கம்பிகள் மாறின, மார்க் என்ற எண் ஏறியது, பிற்காலத்தில் ஜப்பானிய என்ஜினும் வந்தது, கூடு மாறவில்லை. காரில் ஹாரனைத் தவிர மற்றெல்லாம் ஒலி எழுப்பும் என்று மக்கள் நகையாடினர். கோடை வெயிலில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி அடைத்துக்கொள்ளும். ஓட்டுநர் இறங்கி, பெட்ரோல் பம்பின்மேல் ஈரத்துணியைச் சுற்றிவிட்டுக் காத்திருப்பார். கிங்பின்னுக்கு கிரீஸ் அடிப்பதும், பாயிண்ட் தேய்ப்பதும், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவுவதும் கார் வைத்திருந்த இல்லத்தின் அன்றாடக் கடமைகளாயின. சில ஆண்டுகள் சென்றபின் என்ஜின் ‘ரீபோர்’. அச்சொல்லைக் கேட்டவுடன் நெஞ்சு படபடக்காத கார் உரிமையாளர் அக்காலத்தில் அரிது. நடுத்தரக் குடும்பம் அந்தச் செலவுக்கென்று வட்டிக்குக் கடன் வாங்கியது.

இத்தகைய வண்டிக்கும் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காத்திருந்து பெற்ற வண்டியில் குறை கண்டவன் யாரிடம் முறையிடுவான்? அவன் வேண்டாமென்றால் வாங்கிக்கொள்ள அடுத்தவன் வரிசையில் நிற்கிறான்.

முறையீடுகள் எழாமல் இல்லை. கார்களின் தரத்தை ஆராயவென்றே 1967-இல் மத்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. ஈராண்டு கழித்து, 1969-இல், கார் விலைக்குச் சட்டப்படியே கட்டுப்பாடு விதித்தது. அந்த விலை நியாயமா என்ற வழக்கு 1971-இல் உச்ச நீதிமன்றம்வரை சென்றது. இங்கேதான் நாம் சற்று நின்று நோக்க வேண்டும். நியாயவிலை என்பது நம் மறையியல் மரபுக்கு மிக நெருங்கிய சொல். அரசு அதில் அக்கறை கொண்டது நன்றே. ஆனால் அக்குவினாஸ் விலையைப் பற்றிப் பேசிய உடனேயே பொருளின் குறையைப் பற்றியும் பேசுகிறார். அவ்விரண்டையும் அவர் பிரிக்கவில்லை. நம் நாட்டிலோ விலைக்குக் கடிவாளம் இட்டார்கள். குறைக்கு ஈடுசெய்யும் கடமையை எவர் தலையிலும் சுமத்தவில்லை. கட்டுப்பட்ட விலையில் தரத்தை உயர்த்த முடியாது என்று உற்பத்தியாளர் சொல்ல அது வசதியாகவும் போயிற்று. காசோலையில் மிச்சப்பட்டதை மெக்கானிக் ஷெட்டில் கொட்டியவர்கள் நம்மவர்களே.

சென்னை ஸ்டாண்டர்டின் கதை தனியே சொல்லத் தக்கது. 1961 முதல் ஹெரால்டு என்ற சிறிய, அழகிய காரைத் தந்த நிறுவனம் அது. எழுபதுகளின் பிற்பகுதியில் கார் உற்பத்தி நின்றது. பின்னர் 1985-இல் ‘ஸ்டாண்டர்டு 2000’ என்ற பெரிய கார் வண்டலூர் ஆலையிலிருந்து ஆரவாரத்துடன் வந்தது. அதன் கூடு, 1977-ஆம் ஆண்டின் ஐரோப்பியக் காராகத் தேர்வுபெற்ற ரோவர் எஸ்டி1. உள்ளே இருந்ததோ ஐம்பதுகளின் வான்கார்டு காரின் வழிவந்த பழைய 2 லிட்டர் என்ஜின். பட்டுச் சட்டைக்குள் களைத்த உடல். வேகமும் இல்லை, பெட்ரோல் சிக்கனமும் இல்லை என்ற குறை எழுந்தது. 1988-உடன் உற்பத்தி முடிந்தது. வேலை இழந்த தொழிலாளர் ஒருபுறம். உதிரி பாகம் தேடிப் புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் அலைந்த உரிமையாளர் மறுபுறம். நிறுவனமே மறைந்தபின் ஈடுசெய்யும் கடமை யாருடையது என்பதற்கு அக்குவினாசிடமும் விடை இல்லை.

இதற்கிடையே 1983 டிசம்பரில் மாருதி 800 வந்துவிட்டது. சாவியைத் திருப்பியதும் ஓடும் கார் என்பதே அப்போது பலருக்கு வியப்பு. மூன்றே ஆண்டில், 1986-இல், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. குறையை நீக்கு, அல்லது வேறு பொருள் கொடு, அல்லது பணத்தைத் திருப்பிக் கொடு என்று விற்பவருக்கு ஆணையிட இச்சட்டம் மன்றங்களுக்கு அதிகாரம் அளித்தது. பண்டைய உரோமைச் சந்தைகளில் நோயுள்ள அடிமையையும் கால்நடையையும் குறை மறைத்து விற்றவரிடம் ஆறு மாதத்துக்குள் திருப்பிக்கொடுக்க வழி இருந்தது. ஈராயிரம் ஆண்டுக்குப்பின் அது நம் மாவட்டத் தலைநகரங்களை எட்டியது எனலாம்.

எனினும் காரைப் பொறுத்தமட்டில் வழி அத்துணை எளிதாயிருக்கவில்லை. குறை தயாரிப்பிலேயே இருந்தது என்பதை வாங்கியவரே வல்லுநர் சான்றுடன் மெய்ப்பிக்க வேண்டும். 2006-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், உத்தரவாதம் என்பது பழுதுற்ற பாகத்தை மாற்றித்தருவதற்கே. முழுக் காரையும் மாற்றித்தர ஆணையிட இயலாது என்று கூறி, இழப்பீடு மட்டும் அளித்தது. அமெரிக்காவில் இத்தகைய தீராப் பழுதுக் காரை எலுமிச்சை என்று அழைப்பர். அங்கே கனெக்டிகட் மாநிலம் 1982-இலேயே இதற்கெனத் தனிச்சட்டம் இயற்றியது. ஒரே குறையை நான்குமுறை பழுதுபார்த்தும் தீராவிடில், அல்லது வண்டி முப்பது நாள் பட்டறையிலேயே கிடந்தால், சுமை உற்பத்தியாளருக்கு மாறும். எண்ணிக்கை சொல்லும் சட்டம் வல்லுநர் சான்றைவிட ஏழைக்கு இரக்கமுள்ளது என்பது நம் கருத்து. நம் நாட்டில் 2019-இல் புதிய நுகர்வோர் சட்டமும், குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறுமாறு ஆணையிட அரசுக்கு அதிகாரமளிக்கும் மோட்டார் வாகனத் திருத்தமும் வந்தன. எலுமிச்சைக்கென்று தனிச்சட்டம் அவற்றில் இல்லை.

2014-ஆம் ஆண்டைக் குறிப்பிடாமல் இவ்வரலாறு முழுமை பெறாது. அவ்வாண்டு ஜனவரியில் மாருதி 800 நின்றது. மே மாதம் அம்பாசிடர் நின்றது. நாளேடுகளில் இரங்கற்பாக்கள் பொழிந்தன. அம்பாசிடருக்காக உருகியவர்களில் பலர் அதன் பின்னிருக்கையில் மட்டும் அமர்ந்தவர்கள் போலும்! ஆயினும் ஒரு சிறப்பை அதற்கு மறுக்கலாகாது. அதைப் பழுதுபார்க்கத் தெரியாத ஊர் இல்லை. சிற்றூர் லேத் பட்டறையில் கூட அதன் பாகத்தைக் கடைந்து பொருத்திவிடுவார்கள். அடிக்கடி கெட்டது, ஆனால் யாரும் திறந்து பார்க்க முடிந்தது. மின்னணுக் கருவிகள் புகுந்த புதிய கார்கள் அரிதாகக் கெடுகின்றன. கெட்டால் நிறுவனத்தின் சொந்தப் பட்டறையைத் தவிர வேறிடத்தில் திறக்க முடிவதில்லை. முன்பு விற்பனையில் இருந்த ஏகபோகம் இப்போது பழுதுபார்ப்பில் குடியேறியது.

இதை வெளிக்கொணர்ந்ததும் அதே ஆண்டுதான். தனிமனிதர் ஒருவர் கொடுத்த முறையீட்டிலிருந்து தொடங்கிய விசாரணையின் முடிவில், 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 2,545 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. உதிரி பாகங்களையும் பழுதுபார்க்கும் கையேடுகளையும் வெளிப்பட்டறைகளுக்குக் கிடைக்காமல் தடுத்து, உரிமையாளர்களைத் தம் பட்டறைகளிலேயே கட்டிப்போட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. தண்டத்தொகையை எதிர்த்து மேல்முறையீடுகள் எழுந்தன. ஆணையம் இட்ட கட்டளைகளுள் ஒன்று, வெளிப்பட்டறையில் பழுதுபார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக ஒட்டுமொத்தமாக உத்தரவாதத்தை ரத்துசெய்வோம் என்று நிபந்தனை விதிக்கக் கூடாது என்பது. புதிய கார் வாங்குவோர் கையெழுத்திடுமுன், கையில் தரப்படும் உத்தரவாதப் புத்தகத்தின் சிற்றெழுத்துகளில் இது எவ்வாறு எழுதப்பட்டுள்ளது என்று ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.