மூளை மலேரியாவும் பிச்சாவரத் தாவரச் சாறுகளும்: ஓர் அளவுகோல் மீதான மறுப்பு

பிச்சாவரம் உள்ளிட்ட தென்கிழக்குக் கடற்கரைச் சதுப்புநிலங்களின் தாவரங்களை மலேரியாவுக்கு எதிராகச் சோதித்த ஆய்வு மரபு ஓர் எண்ணை நம்பி நிற்கிறது. வளர்ப்புத் தட்டில் ஃபால்சிபாரம் ஒட்டுண்ணியின் பெருக்கத்தைப் பாதியாக்கத் தேவைப்படும் சாற்றின் செறிவே அந்த எண். அது சிறியதாக அமைந்துவிட்டால், அச்சாறு மூளையையும் காக்கும் என்ற எதிர்பார்ப்பு முடிவுரையில் இடம்பிடிக்கிறது. இந்தத் தாவலுக்கு ஆதாரம் போதாது என்பதே என் வாதம்.

மூளை மலேரியாவில் ஒட்டுண்ணி மூளைத் திசுவுக்குள் நுழைவதில்லை. நோயுற்ற சிவப்பணுக்கள் மூளைத் தந்துகிகளின் உட்சுவரில் ஒட்டிக்கொள்கின்றன, குருதி-மூளைத் தடுப்பு குலைகிறது, வீக்கம் தொடர்கிறது. வளர்ப்புத் தட்டில் சிவப்பணுவும் ஒட்டுண்ணியும் உண்டு. தந்துகிச் சுவர் இல்லை.

இங்கு மறுவாசிப்புக்குரியது, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் கோவிந்தராஜன் பத்மநாபன் குழுவினர் 2015இல் வெளியிட்ட எலி ஆய்வு. மஞ்சளிலிருந்து கிடைக்கும் குர்குமின் தனியாகக் கொடுக்கப்பட்டபோதே அழற்சி தணிந்தது, நோயெதிர்ப்பு அணுக்களான டி செல்களும் நோயுற்ற சிவப்பணுக்களும் மூளையில் தேங்குவது குறைந்தது, தடுப்பும் சீரானது. ஆனால் ஒட்டுண்ணி குருதியில் பெருகியதால் அந்த எலிகள் சோகையால் இறந்தன. ஒட்டுண்ணியைக் கொல்லும் ஆர்ட்டீதருடன் குர்குமினைச் சேர்த்து, அறிகுறிகள் தோன்றிய பிறகு கொடுத்தபோதும் முழுக் குணம் கிடைத்தது.

குர்குமின் தனியே தோற்றது, ஆகவே ஒட்டுண்ணியைக் கொல்வதே முதன்மை என்று இம்முடிவை வாசிப்பது எளிது. நான் வேறுவிதமாக வாசிக்கிறேன். அந்த எலிகளில் மூளை காக்கப்பட்டது, உயிர் காக்கப்படவில்லை. ஒட்டுண்ணியைக் கொல்லும் திறனும் மூளைச் சுவரைக் காக்கும் திறனும் வெவ்வேறு பண்புகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அப்படியானால் முதல் பண்பின் அளவை இரண்டாவதற்குச் சான்றாகக் காட்ட முடியாது.

எலியின் நோய் மனித நோய் அன்று என்பார்கள். மனிதரில் டி செல்களின் பங்கு நெடுநாள் ஐயத்துக்குரியதாக இருந்தது உண்மை. ஆனால் மூளை மலேரியாவால் இறந்த மலாவிக் குழந்தைகளின் மூளை நாளங்களில் அவை காணப்பட்டதை 2020இல் வெளியான ஆய்வு காட்டியது. குர்குமின் குடலில் சரிவர உறிஞ்சப்படுவதில்லை என்பது மருந்தாக்கச் சிக்கல்; இவ்வாதத்தைத் தொடாது. 1982இல் வெளியான தாய்லாந்து ஆய்வு எழுப்பும் மறுப்பு கனமானது: அழற்சியடக்கியான டெக்சாமெத்தசோன் மூளை மலேரியா நோயாளிகளின் மயக்கத்தை நீட்டித்தது. எனவே அழற்சியைத் தணிப்பதெல்லாம் மூளைக் காப்பாகிவிடாது. சுவரின் நிலையை நேராக அளந்தாக வேண்டும். ஒட்டுண்ணியைக் கொல்வதன் பயனையும் நான் குறைக்கவில்லை: தாவர வழி வந்த ஆர்ட்டிசுனேட், ஆப்பிரிக்கக் குழந்தைகளின் கடும் மலேரியாவில் குயினைனின் 10.9 விழுக்காட்டு இறப்பை 8.5ஆகக் குறைத்ததை (2010) நான் மறுக்கவில்லை. எஞ்சிய அந்த 8.5இல்தான் துணைமருந்தின் தேவை இருக்கிறது.

பிச்சாவரத்துத் தில்லை மரம் இச்சிக்கலைக் கூர்மையாக்குகிறது. சிதம்பரம் கோயிலின் தல மரமான இதன் பால் கண்ணில் பட்டால் பார்வை கெடும். இம்மரத்திலிருந்து பிரித்த ஒரு போர்பால் எஸ்டர் 1995இல் எச்.ஐ.வி. எதிர்ப்புப் பொருளாக அறிவிக்கப்பட்டது. போர்பால் எஸ்டர்கள் புரதக் கைனேஸ் சி நொதியைத் தூண்டுபவை. அத்தூண்டல் நாள உட்சுவர்ச் செல்களின் பிணைப்பைத் தளர்த்தக்கூடியது. ஆகவே தட்டில் ஒட்டுண்ணியைக் கொல்லும் தில்லைச் சாறு, ஏற்கெனவே நலிந்த மூளைச் சுவரை மேலும் திறந்துவிடக்கூடும். இது கருதுகோள்தான். ஆனால் இப்போதைய அளவுகோலால் இதை மெய்ப்பிக்கவோ மறுக்கவோ இயலாது என்பதே அந்த அளவுகோலின் குறை.

சதுப்புத் தாவரங்களை நன்கறிந்த பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் மையமும், பார்க்கின்சன் மாதிரிகளில் தாவரச் சேர்மங்களின் நரம்புக் காப்பை ஆராயும் உயிர்வேதியியல் துறையும் ஒரே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் உள்ளன. முன்னது சாற்றை அறியும். பின்னது நரம்புச் செல்லை அறியும். இரண்டுக்கும் இடைப்பட்ட தந்துகிச் சுவரை எடுத்துக்கொள்ள அங்கேயே கைகள் உண்டு. உட்சுவர்ச் செல் அடுக்கின் வழியே அல்புமின் எவ்வளவு கசிகிறது என்பதைச் சாறு சேர்த்தும் சேர்க்காமலும் அளப்பது அரிய தொழில்நுட்பம் அன்று. ஒவ்வொரு சாற்றுக்கும் அந்த இரண்டாம் எண்ணும் தரப்பட வேண்டும். அது வரும்வரை இவ்வாய்வுகளின் முடிவுரைகள் ஒட்டுண்ணியோடு நின்றுகொள்வதே முறை.