ஒற்றியும் சீட்டும் தவணையும்: யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒப்பந்தக் கணக்கின் வரலாறு

தவணைக்கு வாங்கும் திறன்பேசி ஒன்று கொடுக்கும் பணத்துக்குத் தகுந்ததா என்ற கேள்வி அண்மைக்காலத்துக்கு உரியதாகத் தோன்றினாலும், ஒரு பொருளின் பயனை இன்றே பெற்றுக்கொண்டு அதற்கான பணத்தைச் சிறுகச் சிறுகக் கொடுத்துத் தீர்ப்பதில் எவருக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்ற கணக்கு யாழ்ப்பாணக் குடாநாட்டில் குறைந்தது முந்நூறு ஆண்டுகளாக எழுத்தில் இருந்துவருகிறது. அந்தக் கணக்கை விளங்கிக்கொள்ள ஒல்லாந்தர் காலத்தில் தொகுக்கப்பட்ட தேசவழமையிலிருந்து தொடங்குவதே பொருத்தமாகும்.

இலங்கையின் ஒல்லாந்தத் தேசாதிபதியாக இருந்த கோர்னெலிஸ் யோவான் சைமன்ஸின் பணிப்பின்படி, யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் 1706ஆம் ஆண்டில் தமிழரின் வழக்காறுகளைத் தொகுக்கத் தொடங்கினார். அத்தொகுப்பு தமிழில் பெயர்க்கப்பட்டுப் பன்னிரண்டு முதலியார்களின் பார்வைக்கு வைக்கப்பட்டு 1707இல் அவர்களது இசைவைப் பெற்றது. பின்னர் ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்கு முழுச் சட்ட வலுவை அளித்தனர். உரிமைவழி, சீதனம், நன்கொடை ஆகியவற்றோடு ஒற்றியும் அதில் தனியிடம் பெற்றிருப்பது, நிலமும் பனையுமே செல்வமாயிருந்த ஒரு சமூகத்தில் அம்முறை எவ்வளவு பரவியிருந்தது என்பதைக் காட்டுகிறது.

ஒற்றி என்பது, பணம் தேவைப்பட்ட நில உரிமையாளர் தமது வயலையோ தோட்டத்தையோ பனங்காணியையோ கடன் கொடுப்பவரின் கையில் ஒப்படைக்க, அவர் வட்டிக்குப் பதிலாக அதன் விளைவை அனுபவிக்கும் ஏற்பாடாகும். நிலம் கைமாறாமல் பொறுப்பாக மட்டும் எழுதப்பட்டு வட்டி தனியே ஓடும் ஈட்டிலிருந்து இது வேறுபட்டது. ஈட்டில் வட்டி எவ்வளவு என்பது உறுதியிலேயே தெரியும். ஒற்றியிலோ அது விளைவுக்குள் மறைந்திருக்கும். ஆகவே ஒற்றி பிடிப்பவரும் கொடுப்பவரும் வெவ்வேறு திசையிலிருந்து ஒரே கணக்கைப் போட வேண்டியிருந்தது: உழவு, எரு, நீரிறைப்பு, கூலி ஆகியவற்றைக் கழித்த பின் ஓராண்டு விளைவு எவ்வளவு பெறும், அதே பணத்தை வட்டிக்கு விட்டிருந்தால் எவ்வளவு கிடைத்திருக்கும்? மழை பொய்த்த ஆண்டில் ஒற்றி பிடித்தவர் இழந்தார். திருவிதாங்கூருக்கு ஏற்றுமதியான புகையிலைக்கு நல்ல விலை கிடைத்த ஆண்டில் தோட்டக்காணியை ஒற்றிக்குக் கொடுத்தவர் இழந்தார்.

தேசவழமை இங்கே காட்டும் நுட்பம் தனியாகக் கவனிக்கத்தக்கது. ஒற்றியை மீட்க விரும்பும் உரிமையாளர் நினைத்த நாளில் பணத்தை நீட்டி நிலத்தைத் திருப்பிக் கேட்க முடியாது. அறுவடை முடிந்த பின் முன்னறிவித்தல் கொடுத்தே மீட்க வேண்டும், அதற்குரிய காலமும் விளைபொருளுக்கேற்ப வேறுபட்டது. விதைத்தவர் அறுக்காமல் வெளியேற்றப்படக் கூடாது என்பதே இதன் நியாயம். காணி விற்கப்படும்போது அதை முதலில் வாங்கக் கோரும் முன்னீட்டுரிமை ஒற்றி பிடித்தவருக்கும் இருந்தது; 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் அவ்வுரிமையைக் கூட்டுரிமையாளருக்கும் உரித்தாளருக்கும் மட்டும் எனச் சுருக்கியது. ஓர் ஒப்பந்தத்தின் பெறுமதியை அதன் விலை மட்டுமல்ல, அதிலிருந்து எப்போது, எவ்விதம் வெளியேறலாம் என்பதும் முடிவுசெய்கிறது என்ற தெளிவு இவ்விதிகளில் இருக்கிறது. பிற்காலத்து அச்சிட்ட படிவங்கள் பலவற்றில் அத்தெளிவைக் காண முடியாதது வருத்தத்துக்குரியது.

காணியில்லாதோருக்கும், குறிப்பாகப் பெண்களுக்கும், சீட்டே இந்தக் கணக்கைக் கற்பித்தது. பத்துப் பேர் மாதம் 10,000 ரூபாய் வீதம் போடும் ஏலச்சீட்டில் திரளும் தொகை 100,000 ரூபாய். அவசரத் தேவையுடைய ஒருவர் 15,000 ரூபாய் கழிவுக்கு, அதாவது விட்டுக்கொடுக்கும் தொகைக்கு, கேட்டு 85,000 ரூபாயை எடுத்துச் செல்ல, கழிவு பத்துப் பேருக்கும் பகிரப்பட்டு அம்மாதம் ஒவ்வொருவரும் 8,500 ரூபாய் செலுத்தினால் போதும் என்றாகும். முதல் மாதத்தில் எடுப்பவர் ஏனைய மாதங்களுக்கெல்லாம் வட்டி கொடுக்கிறார். கடைசியில் எடுப்பவர் சேமிப்புக்கு வட்டி பெறுகிறார். பணத்துக்குக் காலத்தால் ஏற்படும் விலையைத் தாமே ஏலம் கூறி நிர்ணயிக்கும் இம்முறையில் எதுவும் மறைக்கப்படுவதில்லை. சீட்டை நடத்தும் சீட்டுக்காரி தொகையோடு தலைமறைவாகும் ஆபத்து ஒன்றே அதன் பெருங்குறை. அதைக் கட்டுப்படுத்தவே 1935இல் இலங்கையில் சீட்டுகளுக்கெனத் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. அதற்கு முன்பே, 1929இல், யாழ்ப்பாணக் கூட்டுறவு மாகாண வங்கி தொடங்கப்பட்டு, கிராமக் கடன் சங்கங்களுக்கு ஆதாரமாக நின்றது.

தொலைபேசி இவ்வரலாற்றினுள் மிகவும் பிந்தியே நுழைகிறது. தெற்காசியாவின் முதலாவது செல்லிடத் தொலைபேசிச் சேவை 1989இல் கொழும்பில் தொடங்கியபோது அதன் பயன் வடக்கை எட்டவில்லை. அடுத்த ஆண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டதும் குடாநாடு மின்சாரத்தையும் தொலைபேசித் தொடர்பையும் ஒருங்கே இழந்தது. உலர் மின்கலம்கூடத் தடைப்பட்டியலில் இருந்தமையால், துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. 2002 பெப்ரவரிப் போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பின் செல்லிடத் தொலைபேசி நிறுவனங்கள் குடாநாட்டுக்கு வந்தன. 2006 ஓகஸ்டில் குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி மூடப்பட்ட பின் சேவைகள் அடிக்கடி நிறுத்தப்பட்டன. சேவை எந்த நாளில் நிற்கும் என்று தெரியாத இடத்தில், பேசினாலும் பேசாவிட்டாலும் மாத வாடகை கோரும் பிற்கொடுப்பனவு இணைப்பைவிட, கையிலுள்ள அளவுக்குக் காட் வாங்கிப் போடும் முற்கொடுப்பனவு முறையே அறிவுடைய தெரிவாக இருந்தது. வெளிநாட்டிலுள்ள உறவினர் அழைக்கும் அழைப்பை ஏற்பதே பல வீடுகளில் தொலைபேசியின் முதற்பயனாக இருந்ததையும் இதனுடன் சேர்த்து எண்ண வேண்டும்.

2009இல் போர் முடிந்ததும் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் யாழ்ப்பாணத்தில் அடுத்தடுத்துக் கிளைகளைத் திறந்தன. மோட்டார் சைக்கிளும் முச்சக்கரவண்டியும் தொலைக்காட்சியும் லீசிங் முறையில், அதாவது உரிமை நிறுவனத்திடமே இருக்கப் பொருளைப் பயன்படுத்தித் தவணை கட்டும் முறையில், வீடுகளுக்கு வந்தன. திறன்பேசியும் தவணைக்குக் கிடைத்தது. இருபதாண்டுகளாகச் சந்தையிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்த ஒரு சமூகத்தின் மீது இக்கடன்கள் பெருவெள்ளமாக இறங்கின. இதன் கடுமையான விளைவு நுண்கடன் பெற்ற பெண்களின் மீது விழுந்தது. 2018இல் வட மாகாணம் உள்ளிட்ட வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற 100,000 ரூபாய்க்குட்பட்ட நுண்கடன்களை அரசாங்கமே பொறுப்பேற்க முன்வரும் அளவுக்கு நிலைமை முற்றியிருந்தது.

திறன்பேசித் தவணையின் கணக்கை எடுத்துக்காட்டாக ஒரு தொகையைக் கொண்டு பார்க்கலாம். கைப்பணத்துக்கு 90,000 ரூபாய் பெறும் கருவி ஒன்றை மாதம் 5,000 ரூபாய் வீதம் 24 மாதங்களில் கட்டித் தீர்க்கும்போது மொத்தக் கொடுப்பனவு 120,000 ரூபாய் ஆகிறது. மேலதிகமான 30,000 ரூபாயை 90,000 ரூபாய்க்குரிய ஈராண்டு வட்டியாகக் கருதினால் ஆண்டுக்கு 17 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகத் தெரியும். விற்பவர் வாயிலிருந்து வருவதும் பெரும்பாலும் இந்த எண்ணே. ஆனால் முதல் மாதத்திலிருந்தே முதல் குறைந்துகொண்டு வருவதால், வாங்கியவரின் கையில் சராசரியாக நிற்கும் கடன் 90,000 ரூபாயின் பாதியளவே. அந்த மீதியின் மீது கணித்தால் உண்மை வட்டி ஆண்டுக்கு 30 சதவீதத்தை ஒட்டியதாக இருக்கும். மாதத் தவணைக்குள் அழைப்பும் டேட்டாவும் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தால் கருவியின் விலை இன்னும் ஆழமாக மறைந்துவிடுகிறது. விளைவுக்குள் மறைந்த வட்டியைப் பிரித்தெடுக்க ஒற்றிக்காரர் செய்ததுபோல, இணைப்பைத் தனியே வாங்கினால் ஆகும் செலவைக் கழித்து எஞ்சியதைக் கருவியின் கைப்பண விலையோடு ஒப்பிடுவதைத் தவிர இதற்கு வேறு வழியில்லை.

எனினும் தவணை எப்போதும் தீய பேரம் என்று கூறுவது வரலாற்றுக்கு ஒவ்வாது. 2022இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த ஒரு டொலரின் விலை சில மாதங்களில் 360 ரூபாயை எட்டி, செப்ரெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை அண்மித்தபோது, அதற்கு முன்னரே மாறாத தவணையில் கருவி வாங்கியவர் மதிப்புக் குறைந்த ரூபாயில் கடனைத் தீர்த்தார். கைப்பணம் சேரட்டும் என்று காத்திருந்தவருக்கோ அதே கருவி எட்டாத விலைக்குப் போயிற்று. நல்ல மழை கண்ட ஆண்டில் ஒற்றி பிடித்தவரின் நிலையில் அன்று தவணைக்காரர் இருந்தார்.

வெளியேறும் விதியில்தான் பழைய ஒப்பந்தமும் புதியதும் பெரிதும் வேறுபடுகின்றன. மேற்கூறிய எடுத்துக்காட்டில் 12 தவணைகளைக் கட்டிய ஒருவர், வெளிநாட்டுப் பயணம் கைகூடியதாலோ உறவினர் பணம் அனுப்பியதாலோ கடனை ஒரேயடியாக முடிக்க விரும்பினால், இன்னும் ஓடாத காலத்துக்குரிய வட்டியைக் கழித்தபின் அவர் கட்ட வேண்டிய நியாயமான மீதி 51,500 ரூபாய் அளவில் இருக்கும். எஞ்சிய 12 தவணைகளையும் முழுமையாகக் கோரும் ஒப்பந்தமானால் அவர் 60,000 ரூபாய் கொடுக்க வேண்டும். அந்த 8,500 ரூபாய் எவருக்கு உரியது என்பது படிவத்தின் பின்பக்கத்திலுள்ள ஒரு வாசகத்தில் அடங்கியிருக்கிறது.