ஒரு சாலையும் இருவகைப் பதிவுகளும்: கொள்ளைநோய்ச் சட்டத்தின்கீழ் ஆள்வோர் பொறுப்பு (1897–2025)

புதுதில்லியின் லோதி ரோடு மேற்கே சப்தர்ஜங் கல்லறையருகில் தொடங்கிக் கிழக்கே நிசாமுதீன் பகுதியைச் சென்றடைகிறது. லோதி எஸ்டேட்டில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி அமைந்திருத்தலால் தலைநகர்த் தமிழர்க்கு இது பழகிய சாலை. இதன் தென்புறத்தே சி.ஜி.ஓ. வளாகம் என வழங்கும் மத்திய அரசு அலுவலகத் தொகுதி உள்ளது. 2020ஆம் ஆண்டில் மத்தியப் புலனாய்வுத் துறை, மத்திய ரிசர்வ் காவற்படை ஆகியவற்றின் தலைமையகங்கள் அங்கேயே இயங்கின. சாலையின் கிழக்கு முனையை அடுத்து நிசாமுதீன் காவல் நிலையமும், அதனை ஒட்டியே தப்லீக் ஜமாத் அமைப்பின் மர்க்கசும் உள்ளன.

கொரோனாப் பெருந்தொற்றின் தொடக்க மாதங்களில் வளாகம், மர்க்கசு ஆகிய இவ்விரு இடங்களும் நோய்த்தடுப்பு விதிகள் தொடர்பாகச் செய்தியில் அடிபட்டன. மர்க்கசின் வரலாற்றை நீதிமன்ற ஆவணங்களைக் கொண்டு நாள்வாரியாக எழுதலாம். வளாகத்தின் வரலாற்றுக்கோ நாளேட்டுத் துணுக்குகளே சான்று. இவ்வேறுபாடு தற்செயலானதன்று, 1897ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்ச் சட்டத்தின் அமைப்பிலேயே அதன் வேர் உள்ளது என்பதை நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புனே, 1897

பம்பாயில் பிளேக் பரவிய நிலையில் 1897 சனவரி 28ஆம் நாள் கல்கத்தாவில் ஜான் உட்பர்ன் முன்வைத்த சட்ட வரைவு, ஒரு வாரத்திற்குள் பிப்ரவரி 4ஆம் நாள் சட்டமாயிற்று. நான்கே பிரிவுகள் கொண்ட சிறு சட்டம் அது. விதிகளை வகுக்கும் அதிகாரத்தை அரசுக்கு வழங்கியது இரண்டாம் பிரிவு. அவ்விதிகளை மீறுவோர் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 188ஆம் பிரிவின்படி குற்றம் இழைத்தோராகக் கருதப்படுவர் என்றது மூன்றாம் பிரிவு. இச்சட்டத்தின்கீழ் நல்லெண்ணத்துடன் செய்யப்பட்ட எச்செயலுக்காகவும் எவர்மீதும் வழக்குத் தொடுக்க இயலாது என்றது நான்காம் பிரிவு. மூன்றாம் பிரிவு மக்களை நோக்கியது. நான்காம் பிரிவு அலுவலரை நோக்கியது. அலுவலர் தாம் வகுத்த விதியைத் தாமே மீறினால் என்ன செய்வது என்னும் வினாவுக்கு அதில் இடமே இல்லை.

அவ்வினா எழ நெடுநாள் ஆகவில்லை. புனே பிளேக் குழுவின் தலைவராக இருந்த வால்டர் சார்லஸ் ராண்ட், வீடுகளைச் சோதிக்கும் படைவீரர்கள் பெண்டிரின் நாணத்தையும் சமய உணர்வையும் மதித்து நடக்கவேண்டும் என்று எழுத்துவழி நெறிகள் வகுத்திருந்தார். அந்நெறிகள் காக்கப்படவில்லை என்பதே நகர மக்களின் முறையீடு. அம்முறையீட்டை எடுத்துரைத்தோர்க்கு நேர்ந்தது ஈண்டுக் கருதத்தக்கது. அப்போது இங்கிலாந்தில் இருந்த கோபால கிருஷ்ண கோகலே, தமக்கு வந்த மடல்களை நம்பிப் படைவீரர்மீதான குற்றச்சாட்டுகளை அந்நாட்டு இதழில் வெளியிட்டார். நாடு திரும்பியதும் சான்று கேட்கப்பட்டது. மடல் எழுதியவர்கள் வெளிப்பட முன்வராமையால் 1897 ஆகஸ்டில் அவர் நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. ஜூன் 22 இரவு ராண்ட் சுடப்பட்டுப் பின்னர் இறந்ததை அடுத்து, கேசரி இதழில் வந்த எழுத்துகளுக்காகத் திலகர் அரசநிந்தனைக் குற்றம் சாட்டப்பட்டு 18 மாதக் கடுங்காவல் பெற்றார். ராண்டின் கொலை ஒரு கொடுஞ்செயல். அதற்குரிய தண்டனையைக் குற்றவாளிகள் பெற்றனர். ஆயின் நெறி மீறிய படைவீரர் எவர் என்பதற்குப் பதிவு இல்லை. குற்றஞ்சாட்டியவரின் மன்னிப்புதான் ஆவணமாக எஞ்சியது.

முறையீட்டாளர் யார்?

188ஆம் பிரிவு ஒரு தனித்தன்மை உடையது. பொது ஊழியர் ஒருவர் முறைப்படி பிறப்பித்த ஆணையை மீறுவது அதன்படி குற்றம். ஆனால் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 195ஆம் பிரிவோ, ஆணையிட்ட பொது ஊழியரோ அவருக்கு மேலுள்ளவரோ எழுத்து வடிவில் முறையிட்டாலன்றி நீதிமன்றம் இக்குற்றத்தை விசாரணைக்கு ஏற்கக்கூடாது என்கிறது. 2018இல் ஜீவானந்தம் வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் இதனை வலியுறுத்தி, இப்பிரிவின்கீழ்க் காவல்துறை தானே முதல் தகவல் அறிக்கை பதிவது செல்லாது என்று தீர்ப்பளித்தது. குடிமக்களைக் காவல்துறையின் குறுக்குவழியிலிருந்து காத்த நல்ல தீர்ப்பு அது. ஆனால் அதே 195ஆம் பிரிவின் கதவு மறுபுறமும் பூட்டிக்கொள்கிறது. ஆணையிட்டவரே ஆணையை மீறினால் முறையிட வேண்டியவர் அவரோ அவருடைய மேலதிகாரியோதான். பாதிக்கப்பட்ட குடிமகன் அங்கு வெறும் பார்வையாளன். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டங்களிலும் எண்கள் மாறினவேயன்றி இவ்வமைப்பு மாறவில்லை.

இனி லோதி ரோட்டுக்குத் திரும்பலாம். 2020 மார்ச் 13ஆம் நாள், இது சுகாதார நெருக்கடி அன்று என மத்திய சுகாதார அமைச்சகம் கூறியது. அதே வாரத்தில் தில்லி அரசு கூட்டங்களுக்குத் தடை விதிக்கத் தொடங்கியது. அந்நாள்களில் மர்க்கசில் பலர் கூடியிருந்தனர். தமிழ்நாட்டிலிருந்து சென்றோரும் அவர்களுள் மிகுதி. மார்ச் இறுதியில் வழக்குப் பதிவாயிற்று. வெளிநாட்டினர் 900க்கும் மேற்பட்டோர்மீது குற்றப்பத்திரிகை தாக்கலாயிற்று. பெரும்பாலோர் சிறு தண்டத்தொகை செலுத்தி ஊர் திரும்பினர். விசாரணையை எதிர்கொள்ளத் துணிந்த 44 பேரில் எண்மர் ஆகஸ்டிலேயே விடுவிக்கப்பட்டனர். எஞ்சிய 36 பேரையும் தில்லி நீதிமன்றம் அவ்வாண்டு டிசம்பர் 15இல் விடுதலை செய்தது. இந்தியர் 70 பேர்மீதான 16 வழக்குகளைத் தில்லி உயர்நீதிமன்றம் நீக்கியது 2025 ஜூலை 17இல்தான். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளுக்கு மேலான காலம் அவர்கள் குற்றஞ்சாட்டப்பட்டோராகவே இருந்தனர்.

வளாகத்தின் செய்தி வேறு. 2020 ஏப்ரல் பிற்பகுதியில் தில்லி மயூர் விகாரில் தங்கியிருந்த மத்திய ரிசர்வ் காவற்படையின் 31ஆம் அணியில் நூற்றுக்கு மேற்பட்ட வீரர்கள் தொற்றுக்கு ஆளாயினர், ஒருவர் உயிரிழந்தார். மே 3ஆம் நாள் லோதி ரோட்டுத் தலைமையகமே மூடி முத்திரையிடப்பட்டது. அமைச்சகம் வகுத்த தனிமைக்காலம் 14 நாள். அறிகுறியற்றோர்க்கு அதனினும் குறைந்த நாள்கள் போதும் எனப் படையின் மருத்துவப் பிரிவு அறிவுறுத்தியிருந்ததாகவும், தொற்று அதனால் பரவியதா என்று ஆராயப்படுவதாகவும் அந்நாளைய நாளேடுகள் எழுதின. மர்க்கசில் குற்றம் எனப்பட்டது இங்குத் துறைக்குள் விளக்கம் கேட்கும் செய்தியாக நின்றது. படைவீரர்களும் அலுவலர்களும் தீயநோக்கம் உடையோர் என்பது கருத்தன்று. நெருக்கடியில் எவர்க்கும் பிழை நேரும். பிழையைக் குறிக்கும் சொல் ஆளுக்கேற்ப மாறியது என்பதே இங்குச் சுட்டப்படுவது.

மூன்று நேர்வுகள்

நாட்டின் பிற பகுதிகளிலும் இப்போக்கைக் காணலாம். 2020 மே 25இல் உள்நாட்டு வானூர்திப் போக்குவரத்து மீண்டும் தொடங்கிய முதல் நாளில், மத்திய அமைச்சர் டி.வி. சதானந்த கௌடா தில்லியிலிருந்து பெங்களூர் சென்றார். தில்லி, தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலங்களிலிருந்து வருவோர் ஏழு நாள் அரசு ஏற்பாட்டில் தனிமையில் இருத்தல்வேண்டும் என்பது கர்நாடக அரசின் விதி. அமைச்சர் நேரே தம் காரில் ஏறிச் சென்றார். மருந்துத் துறையின் பொறுப்பு தம்மிடம் இருப்பதால் தமக்கு விலக்கு உண்டு என்பது அவர் தந்த விளக்கம். மாநில அரசும் விலக்கு உண்டு என்றே கூறியது. அதே வானூர்தியில் உடன் வந்த ஏனையோர் வரிசையில் நின்றனர்.

மகாராட்டிரத்தில் நேர்ந்தது இன்னும் சுவையானது. 2020 ஏப்ரலில், புலனாய்வில் இருந்த ஒரு தொழிலதிபர் குடும்பத்தார் உட்பட 23 பேர் ஊரடங்கின் நடுவே கண்டாலாவிலிருந்து மகாபலேசுவரம் செல்வதற்கு உள்துறையின் மூத்த காவல்பணி அதிகாரி ஒருவர் தம் கடிதத்தாளில் இசைவு வழங்கினார். பயணம் செய்தோர்மீது 188ஆம் பிரிவு பாய்ந்தது. கடிதம் வழங்கியவர் கட்டாய விடுப்பில் அனுப்பப்பட்டார்; விசாரணைக்குப்பின் மே மாதம் பணிக்குத் திரும்பினார்; செப்டம்பரில் புனே நகரக் காவல் ஆணையரானார். ராண்டின் நெறிகள் மீறப்பட்ட அதே நகரம்!

விதிவிலக்கும் உண்டு. அயல்நாடு சென்று திரும்பிய கேரளத்தின் கொல்லம் சார் ஆட்சியர், வீட்டில் தனித்திருக்குமாறு பணிக்கப்பட்டும் சொல்லாமல் உத்தரப்பிரதேசம் சென்றார். 2020 மார்ச்சு இறுதியில் அவர்மீது வழக்குப் பதிவாயிற்று. பணியிடை நீக்கமும் செய்யப்பட்டார். மேலதிகாரி முறையிட விரும்பினால் சட்டம் செயற்படும் என்பதற்கு இது சான்று. விரும்பாவிடின் என்னாகும் என்பதற்கு முன்னைய இரண்டும் சான்று.

தமிழ்நாட்டில் ஊரடங்கு மீறல் தொடர்பாகப் பதிவான வழக்குகள் ஏறத்தாழ 10 லட்சம். இவற்றுள் வன்முறை, முறைகேடான இ-பாஸ் போன்றவை தவிர்த்த ஏனையவற்றைத் திரும்பப் பெறுவதாக 2021 பிப்ரவரி 19இல், தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்த நிலையில், முதலமைச்சர் எடப்பாடி கே. பழனிசாமி அறிவித்தார். மீறலும் மன்னிப்பும் அரசின் கையிலேயே இருந்தன. இதனினும் கொடியது சாத்தான்குளம். கடையை உரிய நேரத்தில் மூடவில்லை என்று 2020 ஜூனில் காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு உயிரிழந்தனர். அவர்கள்மீதான முதல் தகவல் அறிக்கையிலும் 188ஆம் பிரிவு இடம்பெற்றிருந்தது. மதுரைக் கிளை நீதிபதிகள் தாமாக முன்வந்து விசாரித்தனர். ஜூலையில் வழக்கு லோதி ரோட்டில் தலைமையகம் கொண்ட மத்தியப் புலனாய்வுத் துறையின் கைக்கு வந்தது. செப்டம்பரில் காவலர் ஒன்பதின்மர்மீது கொலைக் குற்றப்பத்திரிகை தாக்கலாயிற்று. விதியைக் காப்பவர் குற்றவாளிக் கூண்டில் நிற்க இரண்டு உயிர்கள் போகவேண்டியிருந்தது.

நீதிமன்றத்தில் ஒலித்த சொல்

2021 ஏப்ரல் 7இல், தனியாகக் காரோட்டிச் செல்பவரும் முகக்கவசம் அணிதல் வேண்டும் என்று தில்லி உயர்நீதிமன்றம் கூறியது. அப்போது தில்லியில் கவசமின்மைக்குத் தண்டம் 2,000 ரூபாய். மறுநாளே, தேர்தல் பரப்புரையில் முகக்கவசத்தைக் கட்டாயமாக்கக் கோரிய மனுவில் மத்திய அரசுக்கும் தேர்தல் ஆணையத்துக்கும் அதே நீதிமன்றம் அறிவிக்கை அனுப்பியது. 2020 ஆகஸ்டிலேயே பரப்புரைக்கான நோய்த்தடுப்பு நெறிகளை ஆணையம் வகுத்திருந்தது என்பது நினைக்கத்தக்கது. அவற்றை மீறிய பேரணிகளில் பேசியோருள் அவ்விதிகளை மக்கள்மீது செயற்படுத்திய அரசுகளின் தலைவர்களும் இருந்தனர். வங்கத்தில் பெருங்கூட்டங்களுக்கு ஆணையம் தடைவிதித்தது ஏப்ரல் 22இல்தான். அந்நாள்களில் தில்லியின் சுடுகாடுகளில் இடமின்றி உடல்கள் காத்துக் கிடந்தன. லோதி ரோட்டுச் சுடுகாடும் அவற்றுள் ஒன்று.

ஏப்ரல் 26இல் சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி சஞ்ஜிப் பானர்ஜி, இரண்டாம் அலைக்குத் தேர்தல் ஆணையமே தனிப்பொறுப்பு என்றும், அதன் அலுவலர்மீது கொலைவழக்குகூடப் பதியலாம் என்றும் வாய்மொழியாகக் கடிந்தார். அவ்வழக்கைத் தொடுத்தவர் ஆளும் கட்சி அமைச்சராக இருந்த எம்.ஆர். விஜயபாஸ்கர் என்பதைப் பலர் மறந்துவிட்டனர். 77 வேட்பாளர்கள் நின்ற கரூர்த் தொகுதியில் வாக்கு எண்ணும் அறை நெரிசலாகிவிடும் என்பது அவர் அச்சம். ஆணையம் உச்சநீதிமன்றம் சென்றது. அச்சொற்கள் கடுமையானவை என மே 6இல் கூறிய உச்சநீதிமன்றம், அவை எழுத்துவழி ஆணையில் இடம்பெறாமையால் நீக்குவதற்கு ஏதுமில்லை என்று முடித்தது. நம் காலத்தில் ஆள்வோர் பொறுப்பைக் குறித்து எழுந்த மிகக் கடுமையான நீதிமன்றச் சொல், நீதிமன்ற ஏட்டில் இல்லை! வருங்கால ஆய்வாளர் அதனையும் நாளேட்டில்தான் தேடவேண்டும்.

பிற நாடுகளில் நிலை முற்றிலும் தூயதன்று; ஆயினும் பதிவு உண்டு. நார்வேப் பிரதமர் எர்னா சோல்பர்க் தம் பிறந்தநாள் விருந்தில் விதி மீறியமைக்காக 2021 ஏப்ரலில் அந்நாட்டுக் காவல்துறை 20,000 குரோனர் தண்டம் விதித்தது. பிரிட்டன் பிரதமர் போரிஸ் ஜான்சன் 2022 ஏப்ரலில் தண்டம் செலுத்தினார். நாடாளுமன்றத்தைத் தவறாக வழிநடத்தினாரா என்னும் விசாரணையின் விளைவாக 2023 ஜூனில் உறுப்பினர் பதவியையும் துறந்தார். தண்டத்தொகை சிறிது. தண்டம் விதித்தவர் பிரதமரின் இசைவைக் கேட்கவேண்டியிருக்கவில்லை.

இந்தியச் சட்டத்திலும் ஒரு சிறு திறப்பு உண்டு. 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, ஓர் அரசுத் துறை குற்றம் இழைத்தால் அதன் தலைவரே குற்றவாளியாகக் கருதப்படுவார் என்கிறது. தமக்குத் தெரியாமல் நிகழ்ந்தது என்றோ, உரிய கவனம் செலுத்தியதாகவோ மெய்ப்பிக்கும் சுமை அவருடையது. 60ஆம் பிரிவு, 30 நாள் முன்னறிவிப்புத் தந்த எந்தக் குடிமகனும் முறையிடலாம் என்கிறது. 188இல் இல்லாத உரிமை இது. உத்தரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (919, 921), வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவர்தம் நெருங்கிய உறவினரையும் குடவோலைக்கு உரியரல்லர் என விலக்கியதை இங்கு ஒப்புநோக்கலாம். அச்சபை நிலமுடைய பிராமணரின் சபை. அதனை மக்களாட்சியின் முன்மாதிரி எனப் போற்றும் வழக்கம் மிகைப்பட்டது. ஆனால் தகுதியிழப்பு அங்குக் கல்லில் பொறிக்கப்பட்டது. எவரது இசைவையும் எதிர்பார்க்கவில்லை.

பேரிடர்ச் சட்டத்தின் 59ஆம் பிரிவோ, 55இன்கீழ் வழக்குத் தொடர அரசின் முன் இசைவு வேண்டும் என்று அத்திறப்பையும் அடைக்கிறது. 2024 பிப்ரவரியில் வெளிவந்த சட்ட ஆணையத்தின் 286ஆம் அறிக்கை, 1897ஆம் ஆண்டுச் சட்டத்தை முழுமையாக ஆய்ந்து, அதனைத் திருத்தவோ புதுச்சட்டம் இயற்றவோ பரிந்துரைத்தது. விதி மீறுவோர்க்குத் தண்டனையைக் கூட்டவேண்டும் என்பதும் அதன் பரிந்துரைகளுள் ஒன்று.