முதுகு நடித்த நடிப்பு

1921 செப்டம்பரில் லண்டனில் சாப்ளினை வரவேற்கத் திரண்ட கூட்டத்தைப் பற்றி இந்த வாரம் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன். எழுத உட்காரும் முன், அவர் கப்பலேறுவதற்குச் சற்று முன்பு முடித்த ‘தி ஐடில் கிளாஸ்’ படத்தை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று போட்டேன். வினை அங்கேதான் வந்தது.

இரண்டே ரீல். சாப்ளினுக்கு இரட்டை வேடம். பணக்காரர்கள் ரயிலிலிருந்து இறங்க, அதே ரயிலின் அடியிலிருந்து நம் நாடோடியும் இறங்குகிறான், கையில் கோல்ஃப் மட்டைகளோடு! இன்னொரு சாப்ளின், கால்சட்டை போட மறந்து ஓட்டல் கூடத்தில் உலா வரும் குடிகாரச் சீமான்.

அவனுக்கு மனைவியிடமிருந்து சீட்டு வருகிறது: குடியை விடும்வரை வேறு அறையில் இருக்கிறேன். சீமான் நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறான். தோள்கள் குலுங்குகின்றன. பாவம், அழுகிறானே என்று நாம் உச்சுக் கொட்டும்போது மெல்லத் திரும்புகிறான். கையில் காக்டெயில் கலக்கும் குவளை! அதைத்தான் அப்படிக் குலுக்கியிருக்கிறான். அமெரிக்காவில் அப்போது மதுவிலக்கு வேறு. எட்னா பர்வியன்ஸ் மனைவியாக வாய்த்தும் குடிக்கிறவனை நான் மன்னிப்பதாக இல்லை. ஆனால் அந்த முதுகுக்கு எத்தனை விருதும் கொடுக்கலாம். இந்தக் காட்சியை மட்டும் ஆறு முறை ஓட்டிப் பார்த்ததில் ஒரு சாயங்காலம் போயிற்று.

பிறகு மாறுவேட விருந்து. சீமான் இரும்புக் கவசத்துக்குள். முகமூடி திறக்க மறுக்கிறது. போலீஸுக்குப் பயந்து உள்ளே நுழையும் நாடோடியின் கந்தலை எல்லோரும் மாறுவேடம் என்று நம்பிவிடுகிறார்கள். எட்னாவுக்கோ அவன்தான் கணவன்! கடைசியில் முகமூடியைத் திறப்பது டப்பா திறக்கும் கருவி. திறந்தால் இரண்டு பேருக்கும் ஒரே முகம்.

லாம்பெத் ஏழைகள் விடுதியில் ஏழு வயதில் அடைபட்ட பையன், இந்தப் படம் எடுக்கும்போது கோடீஸ்வரன். இரண்டு வேடத்துக்கும் அவர் வெளியே ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. ஆனால் கட்சி எந்தப் பக்கம் என்பதில் குழப்பமில்லை: மன்னிப்புக் கேட்க ஓடிவரும் பணக்கார மாமனார் மேக் ஸ்வைனைக் குனியவைத்து, பின்னால் ஓர் உதை விட்டுவிட்டுத்தான் நாடோடி ஓடுகிறான்.

பக்கம் தீர்ந்துவிட்டது. படம் வெளியான செப்டம்பர் 25 அன்று சாப்ளின் அமெரிக்காவிலேயே இல்லை. லண்டன், அடுத்த வாரம். சத்தியமாக.

(தொடரும்)