பெண் சொல்லுக்கு எடை என்ன?

சென்னைக் கடற்கரைச் சாலையிலே, 1968-இல் நடைபெற்ற உலகத் தமிழ் மாநாட்டையொட்டி நிறுவப்பட்ட கண்ணகி நிற்கிறாள், ஒற்றைச் சிலம்பேந்தி! அது அணியன்று, சான்று. விசாரியாமல் கோவலனைக் கொல்வித்தான் பாண்டியன். கண்ணகி அவையேறி வழக்குரைத்தாள்; கணவனிடம் பறித்த சிலம்பை உடைத்து, மாணிக்கப் பரலைக் காட்டினாள். பிழையை அக்கணமே ஒப்பினான் மன்னன். காப்பியத்திலே பெண் சொல்லுக்கு இருந்த அந்த எடை, நாட்டின் வழக்கு மன்றங்களிலே இருந்ததா? வரலாற்றைப் புரட்டுவோம்.

பெண்ணறிவு நிலையற்றது, பலர் கூடிச் சொன்னாலும் அவர்தம் சாட்சி செல்லாது என்றது மனு நூல். வெள்ளையர் ஆட்சியில் பிறந்த 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் பெண்ணையும் சாட்சிக் கூண்டில் ஏற்றியது. ஏற்றிவிட்டு என்ன செய்தது? பாலியல் வன்கொடுமை வழக்கிலே, முறையிட்டவள் நடத்தை கெட்டவள் என்று காட்டி, அவள் சொல்லைத் தகர்க்க எதிரிக்கு உரிமை தந்தது, 155-ஆம் பிரிவு. குற்றம் அவன்மீது, விசாரணையோ அவள் ஒழுக்கத்தின்மீது! அந்த விதி 2002-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால்தான் ஒழிந்தது. ஏறத்தாழ 130 ஆண்டுகள்!

1992-இல் சென்னை ஆயிரம் விளக்கிலே தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. பெண்ணின் துயரைப் பெண்ணே கேட்கட்டும் என்னும் நோக்கம் நன்று, போற்றுகிறோம். ஆனால் அதே ஆண்டு, ஜூன் 20-ஆம் நாள், தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தியிலே நடந்ததென்ன? சந்தனக் கட்டை தேடி வந்த வனத்துறையினரும் காவலரும் வருவாய்த் துறையினரும் மலைவாழ் மக்களின் ஊரைச் சூறையாடினர். 18 பெண்கள் வன்கொடுமைக்கு ஆளாயினர். முறையிட வேண்டிய அவர்களே சிறைக்கு அனுப்பப்பட்டனர். காவலரே கயவரானால், எந்த நிலையத்தின் கதவைத் தட்டுவது?

அப்பெண்கள் அஞ்சினாரில்லை, சொன்ன சொல்லில் நின்றனர். 1995-இல் உயர்நீதிமன்றம் வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புரைத்தது. குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் மாண்டிருந்தனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்றது. 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. பெண்கள் உரைத்த உண்மை முதல் நாளும் அதேதான். அதனை ஏற்க நாட்டுக்கு 31 ஆண்டுகள் தேவைப்பட்டன!

இளைஞர்களே! சிலைக்கு மாலை சூட்டுதல் எளிது, கடமை வேறு. பாலியல் வன்கொடுமை முறையீட்டைப் பதிய மறுக்கும் அலுவலரைத் தண்டிக்க 2013-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வழி செய்தது. பதிவின் படியைக் கட்டணமின்றிப் பெறுவது முறையிட்டவரின் உரிமை. இவற்றை ஒவ்வொரு பெண்ணும் அறியச் செய்வோம். நிலையத்துக்குத் தனித்துச் செல்ல அஞ்சுவோருக்குத் துணை நிற்போம். தீர்ப்பிலே முடியும் நீதி, முறையீட்டை எழுதும் முதல் தாளிலே தொடங்குகிறது. அந்தத் தாள் வெற்றுத் தாளாக இருக்க விடோம்!