லினக்ஸில் பல ஜாவாப் பதிப்புகளின் மேலாண்மை: வரலாறு

ஜேடிகே எனப்படும் ஜாவா உருவாக்கக் கருவித்தொகுதி, ஜாவா மொழியில் நிரல் எழுதுவோருக்கு வேண்டிய கம்பைலர், மெய்நிகர் இயந்திரம், அடிப்படை நூலகங்கள் ஆகியவற்றை ஒன்றாகத் தரும் மென்பொருள் ஆகும். ஒரே லினக்ஸ் கணினியில் இதன் பல பதிப்புகள் அருகருகே நிறுவப்பட்டிருப்பது இன்று வழக்கமானது. முனையத்தில் ஜாவா கட்டளையைக் கொடுத்தால் அவற்றுள் எது இயங்க வேண்டும் என்ற கேள்விக்குக் காலப்போக்கில் மூன்று விதமான விடைகள் கிடைத்தன. முதலில் கணினியின் நிர்வாகி அதைத் தீர்மானித்தார். பின்னர் அந்த உரிமை பயனருக்கு வந்தது. இப்போது நிரல் திட்டமே தனக்குரிய பதிப்பைக் குறித்துவைக்கிறது.

பல பதிப்புகள் தேவைப்படுவது ஏன்?

ஜாவா கம்பைலர் உருவாக்கும் ஒவ்வொரு கிளாஸ் கோப்பின் தொடக்கத்திலும் ஒரு பதிப்பெண் இடம்பெறும். ஜாவா 8-க்கு 52, ஜாவா 11-க்கு 55, ஜாவா 17-க்கு 61, ஜாவா 21-க்கு 65 என்பன அந்த எண்கள். மெய்நிகர் இயந்திரம் தனக்குரிய எண்ணைவிடப் பெரிய எண் கொண்ட கோப்பை ஏற்காது. பிழைச் செய்தி காட்டி நின்றுவிடும். சிறிய எண் கொண்ட பழைய கோப்பை ஏற்கும் என்றாலும், அந்த நிரல் சரியாக ஓடும் என்ற உறுதி இல்லை. எடுத்துக்காட்டாக, எக்ஸ்எம்எல் தரவுகளைக் கையாளும் ஜாக்ஸ்பி நூலகம் ஜாவா 11-இல் நீக்கப்பட்டது. அதை நம்பி எழுதப்பட்ட நிரல்களுக்கு அந்த நூலகத்தைத் தனியாகச் சேர்க்க வேண்டியதாயிற்று. இவ்வாறு புதிய நிரலுக்குப் பழைய ஜேடிகே போதாமலும், பழைய நிரலுக்குப் புதிய ஜேடிகே பொருந்தாமலும் போவதால் இரண்டையும் வைத்திருக்க வேண்டிய தேவை எழுகிறது.

தொடக்க காலம்

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் ஜேடிகே 1.0-ஐ 1996 சனவரியில் வெளியிட்டது. லினக்ஸுக்கு அதைக் கொண்டுவரும் பணியைத் தொடக்கத்தில் பிளாக்டவுன் என்ற தன்னார்வலர் குழு செய்துவந்தது. பின்னர் சன் நிறுவனமே லினக்ஸுக்கான பதிப்புகளை வெளியிடத் தொடங்கியது. எனினும் அதன் உரிமம் கட்டற்ற மென்பொருள் உரிமம் அன்று. எனவே டெபியன் போன்ற வழங்கல்கள் சன் ஜாவாவைத் தங்கள் முதன்மைக் களஞ்சியத்தில் சேர்க்க இயலவில்லை. பயனர்களே அதைப் பதிவிறக்கி, தமக்குத் தோன்றிய அடைவில் வைத்துக்கொண்டனர். இதே காலத்தில் காஃபே, குனூ ஜிசிஜே போன்ற கட்டற்ற மாற்றுகளும் வளர்ந்தன. ஆகவே ஒரு கணினியில் ஒரே ஜாவாவின் இரு பதிப்புகள் மட்டுமன்றி, வெவ்வேறு குழுக்கள் எழுதிய ஜாவாக்களும் இருக்க நேர்ந்தது.

நிர்வாகியின் தேர்வு

இச்சிக்கலுக்கு உதவிய ஏற்பாடு ஜாவாவுக்காக உருவானது அன்று. ஒரே பணியைச் செய்யும் பல மென்பொருள்களுள் ஒன்றைத் தேர்வதற்காக டெபியன் திட்டத்தில் அப்டேட்-ஆல்டர்னேடிவ்ஸ் என்ற கருவி இருந்தது. இதன் முதல் வடிவத்தை இயன் ஜாக்சன் 1995-இல் எழுதினார். ரெட் ஹேட் வழங்கலும் இதே எண்ணத்தில் ஆல்டர்னேடிவ்ஸ் என்ற தன் கருவியை உருவாக்கிக்கொண்டது.

இதன் அடிப்படை குறியிணைப்பு ஆகும். குறியிணைப்பு என்பது வேறொரு கோப்பின் இருப்பிடத்தை மட்டும் சுட்டும் சிறு கோப்பு. ஜாவா என்ற கட்டளைப் பெயர் முதலில் இடிசி அடைவுக்குள் உள்ள ஓர் இணைப்பைச் சுட்டும். அந்த இணைப்பு உண்மையான ஜேடிகே இருக்கும் அடைவைச் சுட்டும். நிர்வாகி செய்யும் மாற்றங்கள் யாவும் அமைப்புக் கோப்புகளுக்குரிய இடிசி அடைவுக்குள்ளேயே அடங்கவேண்டும் என்பதற்காகவே இணைப்பு இரண்டு கட்டமாக வைக்கப்பட்டது. ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு முன்னுரிமை எண் உண்டு. தானியங்கு முறையில் பெரிய எண் உடையது தேர்வாகும். நிர்வாகி தாமே ஒன்றைத் தேர்ந்துவிட்டால், பின்னர் நிறுவப்படும் புதிய பதிப்பு அந்தத் தேர்வை மாற்றாது.

இந்த முறையில் இரு குறைகள் இருந்தன. முதலாவது, ஜாவா மெய்நிகர் இயந்திரத்துக்கும் ஜாவாசி கம்பைலருக்கும் தனித்தனி இணைப்புகள் இருந்தன. ஒன்றை மாற்றி மற்றதை மறந்தால், புதிய கம்பைலர் உருவாக்கிய கோப்பைப் பழைய இயந்திரம் ஏற்க மறுக்கும். எல்லா இணைப்புகளையும் ஒருசேர மாற்றும் அப்டேட்-ஜாவா-ஆல்டர்னேடிவ்ஸ் கட்டளை டெபியனில் இதற்கெனவே சேர்க்கப்பட்டது. இரண்டாவது, ஆன்ட், மேவன், டாம்கேட் போன்ற மென்பொருள்கள் ஜாவா ஹோம் என்ற சூழல் மாறியைப் பார்க்கின்றன. குறியிணைப்பை மாற்றினாலும் அந்த மாறி மாறுவதில்லை. எனவே முனையம் ஒரு பதிப்பைக் காட்ட, மேவன் வேறொன்றைப் பயன்படுத்தும் நிலை ஏற்பட்டது, இன்றும் ஏற்படுகிறது.

உரிம மாற்றம்

2006 நவம்பரில் சன் நிறுவனம் ஜாவாவைக் குனூ பொதுமக்கள் உரிமத்தின் கீழ் வெளியிடுவதாக அறிவித்தது. 2007 மே மாதத்தில் ஓப்பன்ஜேடிகே திட்டத்தின் மூல நிரலில் பெரும்பகுதி வெளியானது. எஞ்சியிருந்த கட்டற்றதல்லாத பகுதிகளுக்கு மாற்று தந்து முழுமையான தொகுப்பாக்க, ரெட் ஹேட் அதே ஆண்டில் ஐஸ்ட்டீ திட்டத்தைத் தொடங்கியது. இதன்பின் வழங்கல்கள் ஜாவாவைத் தம் களஞ்சியத்திலிருந்தே தர முடிந்தது. பாதுகாப்புத் திருத்தங்களும் மற்ற மென்பொருள்களுக்கு வருவதுபோலவே வரத்தொடங்கின.

ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு

ஆரக்கிள் நிறுவனம் 2010-இல் சன் நிறுவனத்தை வாங்கியது. அக்காலத்தில் ஜாவா மெதுவாகவே மாறியது. 2006 டிசம்பரில் ஜாவா 6 வந்தது. அடுத்ததான ஜாவா 7 வர 2011 சூலை ஆயிற்று. ஜாவா 8 2014 மார்ச்சிலும் ஜாவா 9 2017 செப்டம்பரிலும் வந்தன. அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு என்ற முறை நடைமுறைக்கு வந்தது. ஜாவா 11, 17, 21, 25 ஆகியவை நீண்டகால ஆதரவுப் பதிப்புகளாயின. இடையில் வருபவை ஆறு மாதத்தில் ஓய்வுபெறும்.

உரிம நிபந்தனைகளும் மாறின. வணிகப் பயன்பாட்டுக்கான ஜாவா 8 இலவசத் திருத்தங்களை ஆரக்கிள் 2019 சனவரியோடு நிறுத்தியது. எனினும் மூல நிரல் கட்டற்றதாக இருந்ததால், ஓப்பன்ஜேடிகே 8-ஐப் பேணும் பொறுப்பை ரெட் ஹேட் தலைமையில் பிறர் ஏற்றனர். அமேசான் கொரெட்டோ, அசூல் சுலு, பின்னாளில் எக்லிப்ஸ் டெமுரின் ஆன அடாப்ட்ஓப்பன்ஜேடிகே எனப் பல வெளியீடுகள் பரவலாயின. எந்தப் பதிப்பு என்பதோடு யாருடைய வெளியீடு என்பதும் தேர்வில் சேர்ந்தது.

பயனரின் தேர்வு

நிர்வாகி செய்யும் தேர்வு கணினியில் உள்ள எல்லாருக்கும் பொதுவானது. பலர் பகிரும் கணினியில் இது போதாது என்பது முன்பே உணரப்பட்டிருந்தது. பயனர் தம் அமர்வுக்கு மட்டும் மென்பொருள் பதிப்பை மாற்றிக்கொள்ள உதவும் என்விரான்மென்ட் மாட்யூல்ஸ் முறை 1991-இலேயே விளக்கப்பட்டது. மீத்திறன் கணினி மையங்களில் அது இன்றும் பயன்படுகிறது. ரூபி மொழியினரின் ஆர்விஎம், ஆர்பிஎன்வி ஆகிய கருவிகள் இத்தகைய வசதியைத் தனி நிரலாளருக்குப் பழக்கமாக்கின. அவ்வழியில் குரூவி மொழிக்காக ஜிவிஎம் என்ற கருவி தோன்றியது. அதுவே பின்னர் எஸ்டிகேமேன் என்று பெயர்பெற்று ஜாவாவையும் நிறுவித் தந்தது. ஜேடிகேக்கள் பயனரின் இல்ல அடைவிலேயே வைக்கப்படுவதால் இதற்கு நிர்வாகியின் கடவுச்சொல் தேவையில்லை. நிறுவும் வேலையைச் செய்யாமல், இருக்கும் பதிப்புகளுக்கிடையே மாற மட்டும் உதவும் ஜேஎன்வி கருவியும் பயன்பாட்டில் உள்ளது.

இதில் ஓர் இழப்பும் உண்டு. வழங்கலின் களஞ்சியத்திலிருந்து வந்த ஜேடிகேக்குக் கணினியை இற்றைப்படுத்தும்போதே பாதுகாப்புத் திருத்தமும் வந்துவிடும். இல்ல அடைவில் வைத்ததற்கு அது தானாக வராது. பயனர் கவனிக்காவிட்டால், குறையுள்ள பழைய பதிப்பு ஆண்டுக்கணக்கில் அங்கேயே இயங்கிக்கொண்டிருக்கும்.

திட்டத்தின் தேர்வு

பயனர் தேர்ந்த பதிப்பு அவருடைய கணினியில் மட்டுமே செல்லும். அதே நிரலைப் பெற்ற மற்றொருவர் எந்தப் பதிப்பு வேண்டும் என்று ஊகிக்க நேரும். ஆகவே தேவையான பதிப்பை நிரல் அடைவிலேயே சிறு கோப்பில் எழுதிவைக்கும் வழக்கம் தோன்றியது. கிரேடில் 2020-இல் வெளியான 6.7 பதிப்பில் டூல்செயின் வசதியைச் சேர்த்தது. இதன்படி திட்டக் கோப்பில் ஜாவா 17 என்று குறித்தால், கிரேடில் அப்பதிப்பைக் கணினியில் தேடிப் பிடித்து அதைக்கொண்டே கம்பைல் செய்யும். முனையத்தில் எது இயல்பானதாக உள்ளது என்பதைப் பொருட்படுத்தாது. 2013-இல் வெளியான டாக்கர், நிரலையும் அதற்குரிய ஜாவாவையும் ஒரே கொள்கலனில் அடைத்து அனுப்ப வழி செய்தது. ஆனால் கொள்கலனுக்குள் உள்ள ஜாவாவுக்குத் திருத்தம் வேண்டுமானால் கொள்கலனையே மீண்டும் உருவாக்க வேண்டும்.

இம்மூன்று முறைகளும் இன்று ஒரே கணினியில் சேர்ந்தே காணப்படுகின்றன. கணினியின் சேவைகளுக்கு நிர்வாகியின் குறியிணைப்பும், நாள்தோறும் நடக்கும் சோதனைகளுக்குப் பயனர் கருவியும், பிறரோடு பகிரும் நிரலுக்குத் திட்டக் கோப்பும் பயன்படுகின்றன. தேர்வு யாரிடம் உள்ளதோ, திருத்தங்களை இற்றைப்படுத்தும் பொறுப்பும் பெரும்பாலும் அவரிடமே சேர்கிறது.