பக்கத்து மாநிலத்து நீதிபதியும் நம் புகார் மனுவும்



"ஆபீஸ்ல பணம் கேக்கறாங்க, யார்கிட்ட போய்ச் சொல்றது?" பட்டாவுக்கோ பெயர் மாற்றத்துக்கோ அலையும்போது இந்தக் கேள்வி உங்களுக்கும் வந்திருக்கும். அதிகாரிகள், அமைச்சர்கள் மீதான ஊழல் புகார்களை விசாரிக்க நீதிபதி தலைமையில் லோக் ஆயுக்தா என்றொரு அமைப்பு தமிழ்நாட்டில் இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் "அதனால என்ன ஆகப் போகுது?" என்கிறார்கள். நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் தேட, இந்த அமைப்பு நம்மைவிட 30 ஆண்டுகளுக்கு மேல் முன்னதாகவே வந்துவிட்ட கர்நாடகத்தைப் பார்ப்போம்.

மக்கள் புகாரை விசாரிக்க அரசுக்கு வெளியே ஒரு நடுவர் வேண்டும் என்ற யோசனை 1809-இல் ஸ்வீடனில் சட்டமானது. இந்தியாவில் 1966-இல் நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் இதைப் பரிந்துரைத்தது. மத்தியில் லோக்பால், மாநிலங்களில் லோக் ஆயுக்தா என்று பெயர். கர்நாடகம் 1984-இல் சட்டம் இயற்றியது. 1986-இல் அமைப்பு செயல்படத் தொடங்கியது. ஆனால் முதல் 15 ஆண்டுகளில் சாதாரண மக்களிடம் அதற்குப் பெரிய பெயர் இல்லை.

2001-இல் நீதிபதி என்.வெங்கடாசலா வந்தார். கோலார் மாவட்டத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்து உச்ச நீதிமன்றம் வரை போனவர். அறையில் உட்கார்ந்து கோப்பு பார்ப்பதோடு நிற்காமல், அரசு மருத்துவமனைகளுக்கும் அலுவலகங்களுக்கும் முன்னறிவிப்பின்றிப் போய் நின்றார். மக்கள் எதிரிலேயே அதிகாரிகளைக் கேள்வி கேட்டார். லோக் ஆயுக்தா என்ற சொல் கர்நாடகத்தின் கிராமங்களுக்குத் தெரிய வந்தது அவர் காலத்தில்தான்.

2006 ஆகஸ்டில் அவருக்கு அடுத்து வந்தவர் நீதிபதி சந்தோஷ் ஹெக்டே. 1940-இல் பிறந்தவர், கர்நாடக அட்வகேட் ஜெனரல், இந்திய அரசின் சொலிசிட்டர் ஜெனரல், 1999 முதல் 2005 வரை உச்ச நீதிமன்ற நீதிபதி. இவர் தந்தை கே.எஸ்.ஹெக்டேயும் உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர். 1973-இல் தலைமை நீதிபதி பதவிக்கு மூத்த நீதிபதிகள் மூவரைத் தாண்டி இன்னொருவரை அரசு நியமித்தபோது, அந்த மூவரும் பதவி விலகினார்கள். அதில் ஒருவர் கே.எஸ்.ஹெக்டே. அரசு தவறு செய்தால் பதவியை விட்டு வெளியேறுவது மகனுக்குத் தந்தையிடமிருந்து வந்தது என்று சொல்லலாம்.

2007-இல் கர்நாடக அரசே பெல்லாரி இரும்புத்தாது சுரங்க முறைகேடுகளை விசாரிக்கும்படி இவரிடம் ஒப்படைத்தது. 2008 டிசம்பரில் முதல் அறிக்கை கொடுத்தார். இங்கே ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். லோக் ஆயுக்தா தண்டனை கொடுக்க முடியாது; அரசுக்குப் பரிந்துரைதான் செய்ய முடியும். நம் பாலாற்று வழக்கை நினைத்துப் பாருங்கள். 1996-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி நீதிபதி பாஸ்கரன் தலைமையில் அமைந்த ஆணையம், தோல் தொழிற்சாலைக் கழிவால் பாதிக்கப்பட்ட 29,193 பேருக்குச் சுமார் 26.82 கோடி ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. இவ்வளவு கொடு என்று உத்தரவிடும் அதிகாரம் அந்த ஆணையத்துக்கு இருந்தது. ஹெக்டேவுக்கு அது இல்லை. யார் மீது அறிக்கையோ, பல நேரம் அவர்கள் கைக்கே அந்த அறிக்கை போய்ச் சேரும்.

இந்தக் குறை 2010-இல் வெடித்தது. கார்வார் பக்கத்திலுள்ள பெலகேரி துறைமுகத்தில் பறிமுதல் செய்து வைத்திருந்த இரும்புத்தாது லட்சக்கணக்கான டன் அளவில் காணாமல் போனது. முறைகேட்டைப் பிடித்த வன அதிகாரி ஆர்.கோகுலையே பணியிடை நீக்கம் செய்ய அரசு தரப்பில் முயற்சி நடந்தது. ஜூன் 23-ஆம் தேதி ஹெக்டே ராஜினாமா செய்தார். நேர்மையாக வேலை செய்த அதிகாரியைக் காப்பாற்ற முடியாத பதவியில் உட்கார்ந்திருப்பதில் அர்த்தமில்லை என்பது அவர் நிலை. பிறகு எல்.கே.அத்வானி கேட்டுக்கொண்டதன் பேரில் ஜூலை 3-ஆம் தேதி ராஜினாமாவைத் திரும்பப் பெற்றார்.

திரும்பி வந்தது வீண்போகவில்லை. 2011 ஜூலை 27-ஆம் தேதி, பதவிக்காலம் முடிய ஒரு வாரம்கூட இல்லாத நிலையில், இறுதி அறிக்கையைக் கொடுத்தார். வன அதிகாரி யு.வி.சிங் தலைமையிலான குழு பெர்மிட், லாரி எடை, துறைமுக ஏற்றுமதிக் கணக்கு, வங்கிப் பரிமாற்றம் என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்திருந்தது. அரசுக்கு இழப்பு ரூ.16,085 கோடி என்று அறிக்கை கணக்கிட்டது. முதல்வராக இருந்த எடியூரப்பாவின் பெயரும் அதில் இருந்தது. நான்கே நாளில், ஜூலை 31-ஆம் தேதி, அவர் பதவி விலகினார். பரிந்துரை மட்டுமே செய்யக்கூடிய ஓர் அலுவலகம், ஆதாரங்களை ஒழுங்காக அடுக்கி வைத்ததால் இவ்வளவு நடந்தது.

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். மற்றதையும் சொல்வதுதான் நியாயம். சுரங்க நிறுவனத்திடமிருந்து பணம் பெற்றதாகத் தொடரப்பட்ட வழக்கில் சிபிஐ சிறப்பு நீதிமன்றம் 2016-இல் எடியூரப்பாவை விடுதலை செய்தது. பெலகேரி வழக்குகளில் தண்டனைத் தீர்ப்பு வரவே 2024 அக்டோபர் ஆகிவிட்டது. அந்தத் தண்டனையையும் அடுத்த மாதமே உயர் நீதிமன்றம் நிறுத்தி வைத்தது.

அந்த அமைப்பும் அப்படியே இருக்கவில்லை. லோக் ஆயுக்தா அலுவலகத்தின் பெயரைச் சொல்லியே அதிகாரிகளிடம் பணம் கேட்டதாக எழுந்த புகாரில், 2015-இல் அப்போதைய லோக் ஆயுக்தாவின் மகனே கைதானார். நீதிபதி பதவி விலகினார். 2016-இல் அரசு தன் கட்டுப்பாட்டில் ஊழல் ஒழிப்புப் பிரிவு ஒன்றை உருவாக்கி, லோக் ஆயுக்தா போலீசின் அதிகாரத்தை அதற்கு மாற்றியது. அது செல்லாது என்று கர்நாடக உயர் நீதிமன்றம் சொன்னது 2022 ஆகஸ்டில். இடையில் ஆறு ஆண்டுகள் போயின.

இனி நம் கதைக்கு வருவோம். தமிழ்நாடு இந்த விஷயத்தில் முதலில் முந்திக்கொண்ட மாநிலம். முதல்வர் உட்படப் பொதுவாழ்வில் இருப்பவர்களின் குற்ற நடத்தையை விசாரிக்க 1973-இலேயே இங்கே ஒரு சட்டம் வந்தது. 1977-இல் அது ரத்தானது. அதன் பிறகு 41 ஆண்டுகள் ஒன்றும் இல்லை. 2013-இன் லோக்பால் சட்டம் ஓராண்டுக்குள் எல்லா மாநிலங்களும் லோக் ஆயுக்தா அமைக்க வேண்டும் என்றது, அதுவும் நடக்கவில்லை. உச்ச நீதிமன்றம் 2018 ஜூலை 10 வரை கெடு வைத்த பிறகு, அதற்கு முதல் நாள்தான் சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது. 2019 ஏப்ரலில் நீதிபதி பி.தேவதாஸ் முதல் தலைவரானார். இதுதவிர, மாநகராட்சி போன்ற உள்ளாட்சி அமைப்புகள் மீதான புகார்களுக்கு 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளாட்சி முறைமன்ற நடுவம் இருக்கிறது. லஞ்சம் கேட்பவரைக் கையும் களவுமாகப் பிடிக்க லஞ்ச ஒழிப்புத் துறை இருக்கிறது. வேலூரிலேயே அதற்கு அலுவலகம் உண்டு.

"அதனால என்ன ஆகப் போகுது?" என்ற கேள்விக்குக் கர்நாடகத்து அனுபவம் சொல்லும் பதில் இதுதான். நல்ல நீதிபதி ஒருவர் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடாது. அவர் போனபின் அந்த நாற்காலியின் மதிப்பே குறைந்ததை அங்கே பார்த்தோம். ஆனால் அவர் காலத்தில் நடந்தது எல்லாம் காகிதத்தால் நடந்தது. தேதி, தொகை, கையெழுத்து, ரசீது ஆகியவை இருந்ததால்தான் ஒரு முதல்வர் பெயரையே எழுத முடிந்தது.

ஆகவே, மனு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள். எந்த அலுவலகம், எந்தத் தேதி, யார் என்ன சொன்னார் என்று அன்றைக்கே எழுதி வையுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய்க் கட்டணம்தான். தனியாகப் போகத் தயங்கினால், அந்தக் காகிதங்களோடு நம் சங்கத்தின் மாதக் கூட்டத்துக்கு வாருங்கள், சேர்ந்தே எழுதுவோம். பெயர் சொல்ல பயந்து பேச்சோடு நின்றுவிடும் குறையை எந்த நீதிபதியாலும் விசாரிக்க முடியாது.